நாற்காலியைத் தின்ற காடு

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், செவர்ன், வை என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே டீன் காடு இருக்கிறது. அங்கே ஒரு மேட்டின் மேல் 1986 முதல் ஒரு நாற்காலி நின்றுகொண்டிருந்தது. உங்கள் வீட்டிலேயே உயரமான ஆளைக் கூட்டிப்போனாலும் அதன் கால்களுக்கு நடுவே குனியாமல் நடந்து போகலாம், அவ்வளவு பெரியது! முழு முழு ஓக் மரத்துண்டுகளைக் கோத்து அதைச் செய்தவர், செக் நாட்டில் பிறந்த சிற்பி மக்தலேனா யெதெலோவா. ஊர்க்காரர்கள் அதை ராட்சசன் நாற்காலி என்றார்கள்.

2015இல் அதைப் பிரித்துவிட்டார்கள். யாரும் உடைக்கவில்லை. உளுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டி இருக்கும், “தொடாதீர்கள்” என்று பலகை இருக்கும். டீன் காட்டிலோ அந்த நாற்காலியைப் போன்ற சிற்பங்கள் மழையில் நனைகின்றன, பனியில் உறைகின்றன, பாசி பிடிக்கின்றன. பீச்சன்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் தொடங்கும் பாதையில் ஏழு கிலோமீட்டர் போல நடந்தால் எல்லாவற்றையும் பார்க்கலாம். நடுவில் மண் உழுதுபோட்ட மாதிரி கிடந்தால் பயப்படாதீர்கள், காட்டுப்பன்றி கிழங்கு தேடியிருக்கும். இங்கிலாந்தில் என்றைக்கோ அழிந்துபோன விலங்கு அது. பண்ணைகளிலிருந்து வெளியே வந்தவை இப்போது இந்தக் காட்டில் மறுபடி பெருகிவிட்டன.

சரி, நாற்காலியைத் தின்றது யார்? பன்றி இல்லை. பூஞ்சை.

பூஞ்சைக்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. மெல்லிய வெள்ளை இழைகளாக மரத்துக்குள் நுழையும். நாம் சாப்பிட்ட பிறகு செரிக்கிறோம். பூஞ்சை செரித்த பிறகு சாப்பிடுகிறது. நொதிகளை வெளியே சுரந்து, மரத்தை அங்கேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். மரத்தில் இரண்டு முக்கியமான பொருள்கள் உண்டு. செல்லுலோஸ் என்பது நார். லிக்னின் என்பது அந்த நாரை இறுக்கிப் பிடிக்கும் கெட்டிப்பொருள். சில பூஞ்சைகள் செல்லுலோஸை மட்டும் தின்றுவிட்டு, பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாக உடையும் மிச்சத்தை விட்டுவைக்கும். வேறு சில பூஞ்சைகள் லிக்னினையும் விடாது. அவை தின்ற மரம் வெளுத்து, நார்நாராகப் பிரியும். அடுத்த முறை ஒரு பட்டுப்போன கட்டையைப் பார்த்தால், எந்தக் கூட்டம் விருந்து சாப்பிட்டது என்று நிறத்தை வைத்தே ஊகிக்கலாம்.

ஆனால் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதன் பாச்சா பலிக்காது. நம் பழைய வீடுகளின் கூரை உத்தரம் நூறு வருஷம் நிற்பதும், அதே மரத்தில் செய்த வேலிக்கம்பு மண்ணோடு சேரும் இடத்தில் முதலில் உளுப்பதும் இதனால்தான். ஓக் மரத்தின் வைரப்பகுதியில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. பூஞ்சைக்கு அது பிடிக்காது. அதனால்தான் நாற்காலி ஏறக்குறைய முப்பது வருஷ மழையைத் தாங்கியது.

அதே பாதையில் நெவில் கேபி என்பவரின் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு முழு ஓக் மரத்தை அடிமரம், கிளை எல்லாம் துண்டாக்கி, இடைவெளி விடாமல் அடுக்கி ஒரு கனசதுரமாக ஆக்கியிருக்கிறார். அதன் முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இவ்வளவு மரமும் எங்கிருந்து வந்தது?

மண்ணிலிருந்து என்றுதானே சொல்வீர்கள்? வான் ஹெல்மான்ட் என்ற அறிஞருக்கும் இதே சந்தேகம் வந்தது. ஒரு தொட்டியில் மண்ணை எடைபோட்டு நிரப்பி, ஒரு சின்ன வில்லோ மரத்தை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 74 கிலோ கூடியிருந்தது. மண்ணோ 57 கிராம்தான் குறைந்திருந்தது! அப்படியானால் மரம் தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டினார் மனிதர். 1648இல் அது அச்சில் வந்தது. சோதனை அருமை, முடிவுதான் பாதி சரி. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்து, வெயிலின் ஆற்றலால் இலை சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரையைத்தான் மரம் நாராகவும் லிக்னினாகவும் மாற்றிக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன். அது முழுக்கக் காற்றிலிருந்து வந்தது.

பூஞ்சை செய்வது அதற்கு நேர் எதிர்வேலை. மரத்தைத் தின்று, மூச்சு விட்டு, கார்பனை மறுபடி காற்றுக்கே அனுப்பிவிடுகிறது.

இந்தப் போக்குவரத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க முடியுமா? முடியும். அதற்கு டேவிட் நாஷ் செய்த ‘கருங்குவிமாடம்’ என்ற சிற்பத்துக்கு வாருங்கள். எனக்கு இந்தப் பாதையில் மிகவும் பிடித்தது இதுதான். 1986இல் 900 லார்ச் கம்பங்களை நெருப்பில் கருக்கி, நெருக்கமாக நட்டு, தரையிலிருந்து புடைத்து வரும் மேடு போல அமைத்தார். மரத்தைக் கருக்கினால் மேற்பரப்பில் உள்ள நாரும் லிக்னினும் சிதைந்து கரியாகிவிடும். கரி என்பது பெரும்பாலும் கார்பன்தான். ஆனால் பூஞ்சையால் சுலபமாகக் கடிக்க முடியாத கார்பன். கரித்தோல் போர்த்திய கம்பம் மெதுவாகத்தான் உளுக்கும். ஆனாலும் தோலில் வெடிப்பு விழும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், பிறகு இலைச்சருகும் பாசியும் காளானும் வரும். இது மண்ணுக்குள் அமிழ்ந்து போகட்டும் என்று நினைத்தேதான் நாஷ் அதைச் செய்தார்.

அந்த மேட்டின் வடிவம் உங்களில் சிலருக்குத் தெரிந்ததாக இருக்கும். ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? டீன் காட்டிலும் பல நூற்றாண்டுகளாக இப்படித்தான் மூட்டம் போட்டார்கள். அந்தக் கரியை வைத்து இரும்பு உருக்கினார்கள். மண் பூசுவது காற்றைத் தடுக்கத்தான். காற்று தாராளமாகக் கிடைத்தால் விறகு எரிந்து சாம்பலாகிவிடும். காற்றை அடைத்துச் சூடாக்கினால் தண்ணீரும் வாயுக்களும் புகையாகப் போய், கரி மிஞ்சும்.

பிரித்த நாற்காலியை என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் காட்டின் பழைய முறைப்படி மூட்டம் போட்டுக் கரியாக்கினார்கள்!

காலுக்குக் கீழே இன்னொரு கரியும் இருக்கிறது. டீன் காட்டின் அடியில் நிலக்கரி உண்டு. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் விழுந்த செடிகொடிகள், காற்றுப் படாததால் முழுதாக உளுக்காமல் புதைந்து, அழுத்தத்திலும் சூட்டிலும் இறுகியவை அவை. அந்த வட்டாரத்தில் பிறந்து, 21 வயது நிரம்பி, சுரங்கத்தில் ஒரு வருஷமும் ஒரு நாளும் வேலை பார்த்தவர் ‘சுதந்திரச் சுரங்கத்தார்’ என்று பதிவு செய்துகொண்டு, தானே தோண்டும் உரிமை பெறலாம். ஒரு நாள் கூடுதல் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள், பழைய சட்டங்கள் அப்படித்தான்.

பழைய ரயில் தடத்தில் கியர் ஸ்மித் செதுக்கிய ரயில்கட்டைகளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். கட்டைகள் ஜாரா மரம். ஆஸ்திரேலியாக்காரன். ஊட்டியில் நீங்கள் பார்க்கும் தைலமரத்தின் உறவு. கரையானும் பூஞ்சையும் அதனிடம் திணறும்.

இதையெல்லாம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவில் காய்ந்த முருங்கைக் குச்சி இரண்டு, தேக்கு மரத்துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முருங்கைக் குச்சியின் மேற்பரப்பை மட்டும் அடுப்பில் கருக்கித் தரச் சொல்லிப் பெரியவர்களிடம் கேளுங்கள். நீங்களே நெருப்பில் கை வைக்க வேண்டாம். மூன்றையும் எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, மழைக்காலத் தொடக்கத்தில் ஈரமண்ணில் பாதி புதையும்படி நட்டு வையுங்கள். பொங்கலுக்குத் தோண்டி எடுத்து, கழுவி, நன்றாகக் காயவைத்து மறுபடி எடைபோடுங்கள். எது அதிகம் இளைத்திருக்கிறது? எந்த இடத்தில்? முக்கியமான எச்சரிக்கை: முருங்கை பச்சையாக இருக்கக் கூடாது. துளிர்த்துக்கொண்டு நின்றால் சோதனை போச்சு, சாம்பாருக்குத்தான் ஆகும்.