திரை மங்கலா? பேனலைத் திட்டாதீங்க

என் லேப்டாப்பின் போர்டு போனது ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்குச் சரியா ஒரு வாரம் முன்னாடி. அப்பாகிட்ட புதுசு கேட்க மனசு வரல. அக்கா விட்டுட்டுப் போன 2011 மாடல் ஒன்று பரணில் கிடந்தது. இறக்கித் தூசி தட்டி ஃப்ரீபிஎஸ்டி போட்டேன்.

இன்ஸ்டால் முடிந்ததும் கறுப்புத் திரையில் லாகின் வரி மட்டும் நிற்கும். பயப்படாதீங்க. ஜன்னல், மவுஸ் எல்லாம் காட்டுவது எக்ஸ் என்ற தனி ப்ரோக்ராம். 1984-ல் எம்ஐடியில் பிறந்தது. இன்றும் ஓடுகிற 11-வது பதிப்பு 1987-ல் வந்தது. நம்ம எல்லாரையும் விட மூத்தது.

எக்ஸ்ஆர்க் பேக்கேஜைப் போட்டு ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தேன். திரை வந்தது, ஆனா எழுத்தெல்லாம் மங்கல், பக்கவாட்டில் இழுத்த மாதிரி. பேனல் 1366×768, ஓடியது 1024×768. பேனலுக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சு, ஒரு பழைய டுடோரியலில் இருந்த எக்ஸ்ஆர்க்.கான்ஃப் ஃபைலை அப்படியே காப்பி அடிச்சேன். அடுத்த தடவை 'நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்'. திரையே இல்லையாம், அதையும் திரையிலேயே சொல்லுது!

அந்த ஃபைல் குண்டு மானிட்டர் காலத்துது. அப்போ மானிட்டரின் ஸின்க் அளவுகளை நாமே எழுதித் தரணும். இப்போ பேனலே தன் அளவைச் சொல்லிடும். அதனால் அந்த ஃபைலை அழிச்சிட்டு, வார் ஃபோல்டருக்குள் லாக், அதில் இருக்கும் எக்ஸ்ஆர்க்.0.லாக் ஃபைலைத் திறங்க. எந்த டிரைவர் ஓடுதுன்னு பாருங்க. என்னுடையதில் இருந்தது 'வெசா'.

வெசா என்பது எல்லா கார்டுக்கும் ஓரளவு ஒத்துப்போகும் பொது டிரைவர். சரியான டிரைவர் கிடைக்கலைன்னா எக்ஸ் இதைத்தான் பிடிச்சுக்கும். கிராபிக்ஸ் பயாஸில் எழுதியிருக்கும் அளவுகளை மட்டும்தான் இது தரும். என் மெஷின் பட்டியலில் 1366×768 இல்லவே இல்லை. பேனல் பாவம், அது நல்லாத்தான் இருந்தது.

இன்டெல் கிராபிக்ஸுக்குத் தேவை டிஆர்எம்-கேமாட் பேக்கேஜ். போட்டதும் ஐ915கேஎம்எஸ் மாட்யூலை கேஎல்டிலோட் கமாண்டால் முதலில் கையால் ஏற்றுங்க. திரை கறுத்துப் போனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, பழைய நிலைக்கு வந்துடும். நல்லா வந்தா மட்டும் ஆர்சி.கான்ஃப்-இல் கேஎல்டி_லிஸ்ட் வரியில் சேருங்க. அவசரப்பட்டு முதலிலேயே அங்கே எழுதினா, ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் கறுப்புத் திரைதான்.

இன்னொன்று, உங்க யூசரை வீடியோ குரூப்பில் சேருங்க. மறந்தா கிராபிக்ஸ் வேலையெல்லாம் பிராசஸர் தலையில் விழும். ஃபேன் சத்தம் ஹாஸ்டல் முழுக்கக் கேட்கும். ஃப்ரீபிஎஸ்டியைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றினா டிஆர்எம்-கேமாடையும் கூடவே மாற்றணும்.

ப்ரொஜெக்டர் ஒயரை மாட்டிட்டுச் சும்மா நின்னா ஒன்றும் வராது. எக்ஸ்ரேண்டர் கமாண்டை ஓட்டினா இணைப்பின் பெயர் தெரியும். அந்தப் பெயரோடு 'ஆட்டோ' ஆப்ஷன் கொடுத்தாதான் படம் வரும். இதை மட்டும் நான் கண்டுபிடிச்சது ரிவ்யூ பேனல் முன்னாடி நின்னுக்கிட்டு.