நீரின் அளவுகளும் நிபுணர்களின் மகாநாடும்

குடிநீரில் நைட்ரேட் என்னும் பொருள் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று இந்தியத் தர நிர்ணயம் விதிக்கிறது. அமெரிக்க விதியோ 10 மில்லிகிராமோடு நிறுத்திவிடுகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவர், அமெரிக்கர் நம்மைவிட நாலு மடங்குக்கு மேல் ஜாக்கிரதையானவர்கள் என்று முடிவு கட்டினால் அதில் ஆச்சரியமில்லை. ஆயினும் அந்த முடிவு பிசகு. நைட்ரேட் அணுத்திரளில் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஆக்சிஜன் அணுக்களும் இருக்கின்றன. நாம் திரள் முழுவதையும் நிறுத்து எழுதுகிறோம். அவர்களோ அதில் அடங்கிய நைட்ரஜனை மட்டும் நிறுத்து எழுதுகிறார்கள். முழுத் திரளின் எடை 62 என்றால் நைட்ரஜனின் எடை 14. ஆகவே அவர்களுடைய 10 என்பது நம் கணக்கில் 44-க்குச் சற்று மேல். கைக்குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாரித்துப்போகும் விபரீதத்தைத் தடுப்பதற்காகவே இரு தேசங்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கின்றன.

இனி, ஏதோ ஒரு பரிசோதனைச் சாலையின் பழைய ஏட்டில் "நைட்ரேட்: 12" என்று மாத்திரம் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது நைட்ரஜன் கணக்கானால் அந்தக் கிணற்று நீர் குடிக்கத் தகாதது; முழுத் திரளின் கணக்கானால் தாராளமாகக் குடிக்கலாம். எழுதியவருக்கு அதில் சந்தேகமே இருந்திராது; நாள்தோறும் ஒரே முறையில் அளப்பவர், தமக்குத் தெரிந்ததைத் தமக்கே விளக்கி எழுதுவானேன்? ஆனால் அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, வேறோர் ஊரில் வேறொரு காரியத்துக்காக அந்த ஏட்டைப் புரட்டுபவருக்கு அந்த 12 ஒரு புதிர். படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த காலத்தில், நெல் வாங்கப் போனவன் விலையைக் கேட்பதற்கு முன் மரக்காலைக் கேட்க வேண்டியிருந்ததல்லவா? நதிகளையும் ஏரிகளையும் கண்காணிக்கும் விஞ்ஞானிகளின் நிலைமையும் வெகுகாலமாக அப்படித்தான் இருந்து வருகிறது.

இந்தக் குழப்பத்தின் பரிமாணத்தை யாரேனும் கணக்கிட்டதுண்டா என்றால், உண்டு. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த லோரி ஸ்ப்ரேக் என்பவரும் அவருடைய சகாக்களும் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், 1899 முதற்கொண்டு அந்நாட்டில் 488 ஸ்தாபனங்கள் நதிநீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துப் பொருள்களை அளந்து வைத்த இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட பதிவுகளைப் பரிசீலித்தார்கள். அவற்றில் சுமார் 1 கோடியே 45 லட்சம் பதிவுகளில் முக்கியமான விவரம் ஏதேனும் ஒன்று விடுபட்டிருந்தது அல்லது இரு பொருள்பட இருந்தது. அப்பதிவுகளைச் சேகரிக்க ஆன செலவை 1,200 கோடி டாலர் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஐயத்துக்கிடமில்லாத பதிவுகளின் மதிப்போ 820 கோடி டாலர்தான். சேற்றிலும் பனியிலும் இறங்கிப் புட்டியில் நீரை மொண்டு, ஐஸ்பெட்டியில் வைத்து, பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, முடிவை ஏட்டில் ஏற்றுவது வரை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசியில் ஒரு சொல் எழுதாமல் விட்டதனால் பாதிக்கு மேற்பட்ட உழைப்பு பிறருக்குப் பயன்படாமற்போயிற்று என்பதை எண்ணும்போது, நீர் மாசுபடுவதைப் பற்றி விசாரப்படுகிற நாம் நீரைப் பற்றிய அறிவு மாசுபடுவதையும் சிறிது கவனித்தால் தேவலை என்று தோன்றுகிறது.

விடுபட்ட விவரங்களில் முதலிடம் பெற்றது வடிகட்டலைப் பற்றியது. நீரை 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் வடித்த பின் அளந்தார்களா, மொண்டபடியே அளந்தார்களா என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பாஸ்பரஸ் மண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு பிரயாணம் செய்யும் சுபாவமுடையது. மழை பெய்து ஆறு செந்நிறமாகப் பெருகும்போது வடித்த நீரிலுள்ள பாஸ்பரஸுக்கும் வடிக்காத நீரிலுள்ள பாஸ்பரஸுக்கும் பல மடங்கு வித்தியாசம் ஏற்பட்டுவிடும். ஒரு ஜில்லாவில் வடித்தும் அடுத்த ஜில்லாவில் வடிக்காமலும் அளந்த எண்களை ஒரே படத்தில் புள்ளிகளாக இட்டால், இரு ஜில்லாக்களின் எல்லையில் நதி திடீரென்று குணம் மாறியதுபோல் தோன்றும்.

இதைவிட நுட்பமான வேறொரு மாயையும் உண்டு. எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே பொருள் இருந்தாலும் அது கண்டுபிடிக்காது. அப்போது பரிசோதகர் சூனியம் என்று எழுதுவதில்லை. "இன்ன அளவுக்குக் குறைவு" என்று எழுதுகிறார். பிற்பாடு கணக்கெடுப்பவருக்குச் சராசரி காண ஓர் எண் வேண்டுமே! ஆகவே அந்த எல்லையில் பாதியை எடுத்து எழுதிவிடும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. வருஷங்கள் செல்லச் செல்லக் கருவிகள் கூர்மையடைந்து எல்லை கீழே இறங்குகிறது. எல்லை இறங்க, அதில் பாதியும் இறங்குகிறது. நதியில் எந்த மாற்றமும் நேராமலே, அது ஆண்டுக்காண்டு சுத்தமாகி வருவதாகப் படம் காட்டுகிறது! டென்னிஸ் ஹெல்செல் என்ற புள்ளியியல் நிபுணர் இந்த வழக்கத்தைக் கண்டித்து, 2005-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. எல்லையையும் 'குறைவு' என்ற குறியையும் பதிவோடு சேர்த்து வைத்திருந்தால் அவருடைய முறைகளைக் கையாண்டு உண்மையை ஓரளவு மீட்கலாம். குறியை அழித்துப் பாதியை மட்டும் எழுதிவைத்தவர்களின் ஏட்டிலிருந்து எதையும் மீட்க இயலாது.

இவையெல்லாம் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவைதாமே, இதற்கென்று நிபுணர்கள் மகாநாடு கூட்டுவது எதற்கு என்று கேட்கலாம். இதற்கு விடை அமெரிக்கச் சரித்திரத்தில் இருக்கிறது. 1969 ஜூன் மாதத்தில் கிளீவ்லாந்து நகரில் கயஹோகா நதியின் மேல் மிதந்த எண்ணெயும் கழிவும் தீப்பற்றி எரிந்த சம்பவம் ஜனங்களின் மனத்தைக் கலக்கிற்று. 1972-இல் நீர்த்தூய்மைச் சட்டம் பிறந்தது. அச்சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் தன் நீர்நிலைகளின் நிலையை இரண்டாண்டுக்கு ஒரு முறை அறிவிக்க வேண்டும். அறிவித்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் முறையில் அளந்து தத்தம் இலக்கணப்படி அறிவித்தபடியால், அவற்றைக் கூட்டித் தேசத்தின் நீர் முன்னேறியதா பின்னடைந்ததா என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. இக்குறையை ஆராய 1992-இல் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரையின் பயனாக 1997-இல் தேசிய நீர்த்தரக் கண்காணிப்புக் கவுன்சில் தோன்றியது. யாரையும் அதட்டும் அதிகாரம் இக்கவுன்சிலுக்குக் கிடையாது. அதிகாரமில்லாதவர்கள் செய்யக்கூடிய காரியம் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டிப் பேச வைப்பதுதான். அதையே அது செய்தது. 1998-இல் நெவாடா மாநிலத்தின் ரெனோ நகரில் முதல் மகாநாடு கூடிற்று; பின்னர் ஆஸ்டின், மாடிசன், சாட்டனூகா என்று பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒரு முறை ஊர் மாறிக் கூடிவருகிறது.

இத்தகைய கூட்டங்களில் மேடைப் பிரசங்கங்களைக் காட்டிலும் பக்கத்து அறைகளில் நடக்கும் செய்முறைப் பயிற்சிகளே அதிகப் பலன் தருகின்றன என்பது என் அபிப்பிராயம். பிரசங்கி தம் ஆராய்ச்சியின் வெற்றியைச் சொல்வார். பயிற்சி அறையிலோ, கருவியைக் கையில் எடுத்தவுடனேயே அதன் கோளாறுகளைப் பற்றிய பேச்சு வந்துவிடும். ஒரே புட்டி நீரைப் பங்கிட்டுப் பல பரிசோதனைச் சாலைகளுக்கு அனுப்பி, விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கும் முறையைச் செசபீக் விரிகுடாவைச் சுற்றியுள்ள மாநிலங்கள் நெடுங்காலமாக அனுசரித்து வருகின்றன. அந்த விலகலைச் சபையிலே வெளியிட்டுச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். ஒருவன் சொன்னால் அடுத்தவனும் சொல்லுவான். நீரை அளக்கும் பல்வேறு முறைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும் அட்டவணையொன்று 2002 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. கவுன்சிலின் கீழ் இயங்கிய ஒப்பீட்டு வாரியத்தின் உழைப்பில் விளைந்தது அது.

மகாநாட்டுக்கு வருகிறவர்கள் அனைவரும் பட்டம் பெற்ற நிபுணர்கள் என்று எண்ணிவிடலாகாது. ஏரிக்கரையில் குடியிருந்து, வாரந்தோறும் படகில் சென்று, வெண்மையும் கருமையும் தீட்டிய 20 சென்டிமீட்டர் வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்து வைக்கும் தொண்டர்களும் வருகிறார்கள். 1865-இல் போப்பாண்டவரின் கப்பலில் இருந்து ஆஞ்செலோ செக்கி என்னும் பாதிரியார் மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்த வெள்ளைத் தகட்டின் சந்ததிதான் அது. கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கார்ல்சன், தொண்டர்கள் எல்லோரும் ஒரே பருவத்தில் தகட்டை இறக்கித் தத்தம் ஆழத்தை அனுப்பும் இயக்கத்தை 1994-இல் தொடங்கினார். தொண்டர்களின் அளவை நம்பலாமா என்பது நெடுங்காலச் சர்ச்சை. கூலி வாங்காதவன் கவனக் குறைவாக அளப்பான் என்ற அனுமானத்துக்கு என்ன ஆதாரமோ தெரியவில்லை. எவ்விதம் அளந்தோம் என்று எழுதி வைத்த தொண்டனின் எண், எழுதி வைக்காத உத்தியோகஸ்தரின் எண்ணைவிட மேலானது.

அளவு முறையில் உடன்பாடு முன்கூட்டியே இருப்பது எத்துணை அவசியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2014-இல் இம்மகாநாடு ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் வசந்த காலத்தில் கூடிக் கலைந்தது. அதே மாநிலத்தின் வட கோடியில், ஈரி ஏரியின் நீரைக் குடிக்கும் டொலீடோ நகரில், ஆகஸ்ட் 2-ஆம் தேதி விடியுமுன்னே, குழாய் நீரைக் குடிக்கவும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம் என்று எச்சரிக்கை விடப்பட்டது. பச்சைப்பாசி போன்ற நுண்ணுயிர்கள் சுரக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் விஷம், உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. காய்ச்சினால் நீர் சுண்டி விஷம் செறிவடையுமேயன்றி அழியாது. 4 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் புட்டி நீருக்காகக் கடை கடையாக அலைந்தார்கள். நகரமும் மாநிலமும் மத்திய அரசாங்கமும் மாதிரிகளைப் பரிசோதித்தபோது, எந்த முறையில் பரிசோதிப்பது என்பதிலேயே அவர்கள் ஒன்றுபட வேண்டியிருந்தது. 4-ஆம் தேதி காலையில்தான் தடை நீங்கிற்று. தாகத்தோடு காத்திருக்கும் நகரத்தை வைத்துக்கொண்டு இத்தகைய விவாதத்தை நடத்துவதைவிட, எவருக்கும் அவசரமில்லாத ஒரு வசந்த காலத்தில் ஹோட்டல் மண்டபத்தில் உட்கார்ந்து நடத்துவது எவ்வளவோ மேல்.

பேச்சினால் மட்டும் பிரயோஜனமில்லை; பேசி முடிவு செய்ததைச் சாதனமாக ஆக்கித் தர வேண்டும். புவியியல் ஆய்வகமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் தனித்தனியே பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த இரு பெரும் பொக்கிஷங்கள், கவுன்சிலின் துணையோடு 2012-இல் ஒரே இணைய வாசலின் வழியாகத் திறக்கப்பட்டன. 2017-இல் அந்த நீர்த்தர வாசலில் 27 லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து 29 கோடிப் பதிவுகள் குவிந்திருந்தன. அங்கிருந்து வேண்டியதைச் சில வரிகளில் வரவழைக்க ஆர் என்னும் கணினி மொழியில் ஒரு கருவியை ஆய்வகமே எழுதி இலவசமாகக் கொடுக்கிறது. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ராபர்ட் ஹிர்ஷும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட கணித முறை. மழை மிகுந்த வருஷத்தில் வயல்களிலிருந்து உரம் அதிகமாக அடித்து வரப்படும். வறண்ட வருஷத்தில் குறையும். ஆகவே நதியிலுள்ள உரத்தின் அளவு குறைந்தது விவசாயிகளின் திருத்தத்தினாலா வருண பகவானின் பாராமுகத்தினாலா என்பதைப் பிரித்தறிய, நீரோட்டத்தின் ஏற்றத்தாழ்வைக் கணக்கிலிருந்து நீக்கிப் பார்க்க வேண்டும். செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளுக்காகப் பிறந்த இம்முறையும் இலவச மென்பொருளாகவே வழங்குகிறது.

இம்முயற்சிகளில் குறைகள் இல்லாமலில்லை. மகாநாட்டுக்கான பிரயாணச் செலவும் நுழைவுக் கட்டணமும் கொடுக்க இயலாத சிறு ஸ்தாபனங்களும் பழங்குடி மக்களின் சபைகளுமே பெரும்பாலும் உதவி அதிகமாகத் தேவைப்படுபவை. 2021-இல் தொற்று நோயின் காரணமாக மகாநாடு முழுவதும் திரையில் நடந்தபோது தூரம் ஒரு தடையாக இருக்கவில்லை, ஆனால் அடுத்தவருடைய கருவியைத் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. அளவுகளை வெளியிட்டால் தங்கள் நதி அசுத்தமானவற்றின் பட்டியலில் ஏறிவிடுமோ, வழக்கு மன்றத்தில் அந்த எண்ணே தங்களுக்கு எதிர்ச்சாட்சி ஆகுமோ என்ற அச்சம் சிலரைத் தடுப்பதையும் மறுப்பதற்கில்லை. சாதனங்களும் நிலைத்து நிற்பதில்லை: நீர்த்தர வாசலின் அமைப்பு மாற்றப்பட்டதிலிருந்து, பழைய வழியில் கேட்பவர்களுக்கு 2024 மார்ச்சுக்குப் பிற்பட்ட புவியியல் ஆய்வகத்தின் அளவுகள் கிடைப்பதில்லை. இதை அறியாமல் பழைய வழியையே பின்பற்றும் ஒருவர், ஆய்வகம் அளப்பதையே நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடும்.

இப்போது புதியதொரு வெள்ளம் புகுந்திருக்கிறது. புட்டியில் மொண்டு வருவதற்குப் பதிலாக, ஆற்றிலேயே அமிழ்ந்து கிடந்து, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி நைட்ரேட்டைக் கால் மணிக்கு ஒரு முறை அளக்கும் உணர்கருவிகள் வந்துவிட்டன. ஒரு கருவி ஓராண்டில் 35,040 எண்களைத் தருகிறது. அதன் கண்ணாடியில் பாசி படர்ந்தால் எண்கள் மெல்ல மெல்ல விலகும். சிறிய துடைப்பான் ஒன்று துடைத்துக்கொண்டே இருந்தும் விலகல் முற்றும் மறைவதில்லை. கருவியைச் சுத்தம் செய்யப் போகிறவர், சுத்தத்துக்கு முன்னும் பின்னும் கண்ட அளவுகளைக் கொண்டு இடைப்பட்ட நாட்களின் எண்களைத் திருத்துகிறார். அந்தத் திருத்தத்தில் அவருடைய சொந்தத் தீர்மானமும் கலந்திருக்கிறது. இருவர் திருத்தினால் இரு விதமாக இருக்கக் கூடும். திருத்திய எண்ணை மாத்திரம் வெளியிட்டால் போதும் என்பவர்கள் இடநெருக்கடியைக் காரணம் காட்டுகிறார்கள். திருத்தாத எண்ணையும், திருத்தியவர் கையாண்ட விதியையும், சுத்தம் செய்த தேதியையும் கூடவே வைக்க வேண்டும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஏனெனில் இன்றைய திருத்தம் பிசகென்று பிற்காலத்தவர் கண்டால் அவர்கள் திரும்பிப் போய்த் தொடங்குவதற்கு அந்த முதல் எண்ணைத் தவிர வேறொன்றும் இராது.