பெலாச்சான் இல்லாத சம்பல்

தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. நிதானமாகவே பேசுவோம்.

இறால் ஒவ்வாது என்று மருத்துவர் சொன்னதும், கோல சிலாங்கூர்க்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது பாசீர் பெனாம்பாங் கடைகளில் தட்டு நிறைய வரும் பெரிய இறால்தான். அதை விடுவது சிரமமில்லை. விருந்தாளி வந்தால் போய்ச் சாப்பிடுகிற சாப்பாடு அது. வீடு திரும்பி அடுப்படியில் நின்ற பிறகுதான் மனம் கலங்கும். அம்மா இடிக்கும் சம்பலில் பெலாச்சான். முருங்கைக்கீரைப் பொரியலில் கூனி. சுரைக்காயில் காய்ந்த இறால். மழை பெய்யும் சாயங்காலத்தில் சுச்சூர் உடாங். காய்ச்சல் விட்ட அன்று கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டது எதுவோ, அதிலேயே இறால் இருக்கிறது.

இது தற்செயல் அல்ல. புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று நம் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கடல் எட்டும் தூரம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக 1917இல் தென்னமரம் எஸ்டேட் நடப்பட்ட காலத்திலும் சரி, ரப்பர் பால் வெட்டிய காலத்திலும் சரி, தோட்டத்துச் சம்பளத்தில் தினமும் கறியும் மீனும் வாங்க முடிந்ததில்லை. ஒரு பிடி கூனி போட்டால் ஒரு சட்டிக் கீரைக்கு ருசி வந்துவிடும். மலாய்க்காரர்கள் கெராகாவ் என்று சொல்லும் அதே பொடி இறாலை உப்பிட்டு, காயவைத்து, இடித்துப் புளிக்கவைத்தால் பெலாச்சான். லயத்துச் சமையல் இதை நம்பித்தான் வளர்ந்தது. அதனால் இறாலை நிறுத்தச் சொன்னால், பாட்டியின் கையையே நிறுத்தச் சொன்னது போல வலிக்கிறது. அந்த வலியை யாரும் சின்னதாக எண்ண வேண்டாம்.

நன்றாக வறுத்தால் போய்விடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போகாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சுப்பா ராவ் குழுவினர் 1989இல் வெள்ளை இறாலிலிருந்து, வெப்பத்துக்கு அசையாத ஒவ்வாப் பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். அது ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் என்பது 1993இல் உறுதியானது. நம் ஊர்ப் புலி இறாலிலும் அதுவே முக்கியக் காரணம் என்பதைத் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தின் ரொஸ்மிலா மிஸ்னானும் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தினரும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இறால் வெந்த தண்ணீரிலும் அந்தப் புரதம் இறங்கிவிடுகிறது. ஆகவே துண்டுகளைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வதில் பயனில்லை. சிலருக்குக் கொதிக்கும் ஆவியை முகர்ந்தாலே இருமல் வரும்.

இத்தனை வருஷம் தின்றேனே, இப்போது மட்டும் ஏன் என்பது அடுத்த கேள்வி. இறால் ஒவ்வாமை பெரியவர்களான பிறகு தொடங்குவது சகஜம். வீட்டுத் தூசிப்பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் ஏறக்குறைய அதே புரதம் இருப்பதால், தூசி ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்ளாமல் போகிறது. நம் பெரியவர்கள் இறாலைக் கரப்பான் பண்டம், அதாவது தோல் நோயைக் கிளப்பும் பண்டம், என்பார்கள். உடம்பில் புண் இருக்கும்போது விலக்கி வைத்து, ஆறியதும் மறுபடி சேர்த்துக்கொள்வது அவர்கள் பழக்கம். ஒவ்வாமைக்கு அந்தக் கணக்கு செல்லாது. தோல் ஆறிவிட்டது என்பதால் உடம்பு மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. “ஒரு வாய்தானே, தின்னு தின்னு பழகிடும்” என்று அன்போடு ஊட்ட வரும் கையை, அதே அன்போடு பிடித்து நிறுத்துங்கள்.

இனிச் சமையலுக்கு வருவோம். பண்டத்தையே கைவிட வேண்டாம். அதில் இறால் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கும்.

சம்பலில் பெலாச்சான் செய்தது நாக்கின் அடியில் தங்கும் அந்த ஆழத்தைக் கொடுக்கிற வேலை. 1908இல் ஜப்பானின் கிகுனே இகேடா அந்தச் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டார். காய்ந்த ஷிட்டாகே காளானில் உள்ள குவானிலேட் அதனோடு சேர்ந்தால் சுவை பல மடங்கு ஏறுகிறது என்பதைப் பின்னர் அகிரா குனினாகா காட்டினார். புளித்த சோயாவில் முதலாவது நிறைய இருக்கிறது, காளானில் இரண்டாவது. இரண்டுமே சீனர் மளிகைக் கடையில் கிடைப்பவை.

செய்முறை இப்படி. காய்ந்த ஷிட்டாகே இரண்டை வெறும் சட்டியில் சிறு தீயில் மொறுமொறுப்பாக வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் தௌச்சுவில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, உப்பு குறைய ஒரு தடவை அலசி, துளி எண்ணெயில் ஓரம் கருகத் தொடங்கும்வரை வாட்டுங்கள். இந்த வாட்டல்தான் முக்கியம். பெலாச்சானைச் சுட்டபோது வந்த வாசத்தில் பாதி, சுடுவதால் வந்தது. பிறகு மிளகாய், சின்ன வெங்காயத்தோடு உரலில் இடித்து, காளான் பொடி தூவி, லீமாவ் கஸ்தூரி பிழிந்தால் ஆயிற்று. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். தௌச்சுவில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். சோயாவோ கோதுமையோ ஒவ்வாதவர்களுக்கு இது ஆகாது. கடல் வாசம் இதில் வராது. ஆனால் சுடுசோற்றில் பிசைந்தால் கை தானாக அடுத்த கவளத்துக்குப் போகும். எனக்கு அது போதும்.

கடல் வாசம் வேண்டுமென்றால் நெத்திலி இருக்கிறது. மீனில் ஒவ்வாமை தரும் புரதம் வேறு. இறால் ஆகாதவர்களில் பலர் மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். நண்டும் சிங்கி இறாலும் இறாலின் நெருங்கிய சொந்தம் என்பதால் அவற்றைத் தொடக்கூடாது. சோத்தோங், கெராங், மட்டி சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இவற்றை வீட்டில் சோதித்துப் பார்க்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். நெத்திலியிலும் ஒரு சிக்கல். சந்தையில் குவித்து வைத்த காய்ந்த நெத்திலியைக் கிளறினால் குட்டி இறாலும் குட்டிச் சோத்தோங்கும் கலந்து கிடக்கும். பக்கத்துக் குவியலில் கூனி. இரண்டுக்கும் ஒரே அகப்பை. அதை வாங்கிப் பொறுக்கி எடுத்து அலசுவதால் பாதுகாப்பு வராது. பச்சை நெத்திலி வாங்கி வீட்டிலேயே கழுவி உப்பிட்டுக் காயவைப்பதே நான் சொல்லும் வழி.

கீரையில் கூனி கொடுத்தது மொறுமொறுப்பும் உப்பும். துருவிய தேங்காயைப் பொன்னிறமாக வறுத்துக் காளான் பொடியோடு கடைசியில் தூவினால் சரியாகிவிடும். சுச்சூருக்குத் தௌகேயும் வெங்காயத்தாளும் போதும். இறால் போட்டுச் செய்த தொக்குக்குப் பலாக்கொட்டை நன்றாக இருக்கும்.

பாத்திர விஷயத்தில் நமக்கு ஏற்கெனவே பயிற்சி உண்டு. புரட்டாசி விரதத்துக்கென்று சட்டியும் கரண்டியும் தனியாக எடுத்து வைக்கிற வீடுகள் எத்தனை! அந்தச் சைவப் பாத்திரங்களை இனி வருஷம் முழுக்க ஒவ்வாமைக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். உரலும் தனி, எண்ணெயும் தனி. கெரோப்போக் பொரித்த எண்ணெயில் அவருக்கு வாழைக்காய் பொரிக்கக்கூடாது. பெலாச்சான் பல வருஷம் இடிபட்ட கல்லுரல் துளைகளில் அது ஊறிப்போயிருக்கும். அவருக்குப் புதுசு ஒன்று வாங்குவதே நல்லது.

தவறி உள்ளே போய், உதடு வீங்கி, மூச்சு இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ, அரிப்பு மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால் உடனே தொடையில் போட்டு, 999க்கு அழையுங்கள். தோட்டத்துக்கு உள்ளே இருப்பவர்கள் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ வேறு பக்கத்து மருத்துவமனைக்கோ எந்த வழியாக, யார் வண்டியில் போவது என்று இன்றைக்கே பேசி வையுங்கள்.

வெளியே சாப்பிடும்போது கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். நாசி லெமாக் கடையில் “அடா உடாங்?” என்றால் இல்லை என்றுதான் பதில் வரும், தட்டில் இறால் இல்லைதானே. பெலாச்சானையும் கெராகாவையும் பலர் இறால் கணக்கில் சேர்ப்பதில்லை. மீ கோரெங் தாளிப்பிலும் ரோஜாக் குழம்பிலும் இப்படித்தான் ஒளிந்திருக்கும். பாக்கெட் வாங்கினால் உடாங், கெராகாவ், பெலாச்சான், செஞ்சாலோக், பெத்திஸ், கெத்தாம் என்ற பெயர்களைத் தேடுங்கள். கடைக்காரரிடம், “சம்பல் இனி அடா பெலாச்சான், உடாங் கெரிங்?” என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அவர் யோசிக்கத் தொடங்கினால், சம்பல் இல்லாமல் கட்டித் தரச் சொல்லி, வீட்டுச் சம்பலைத் தொட்டுக்கொள்ளுங்கள்.