கேளாத கடையெழுத்துகள்

சொல்வதெழுதும் வேளையில் அந்தச் சிறுவன் நீட்டும் கொப்பி இன்னும் என் மனக்கண்ணில் நிற்கின்றது. ‘வீட்டில்’ என நான் கூறினால் ‘வீட்டி’ என எழுதுவான். ‘வந்தான்’ என்பது ‘வந்தா’ என நின்றுவிடும். கடைசி வாங்கிலிருந்த அவனைப் பராக்குப் பார்ப்பவன் என ஏசினேன். ஒரு நாள் முழந்தாளில் நிறுத்தியதும் உண்டு. முன்வாங்கில் அமர்ந்த நாள்களில் ஓரளவு திருத்தமாக எழுதினான் என்பதை அக்காலத்தில் எண்ணிப் பார்த்தேனல்லேன். தடிமன் வந்தால் காதுக்குத்தும் வரும் என அவன் தாயார் சொன்னதும் என் செவியில் ஏறவில்லை. எங்களிருவருள் கேளாதவர் யார் எனின், விடை கூற நாணுகின்றேன்.

தொண்டையின் மேற்புறத்தையும் நடுச்செவியையும் ஒரு சிறு குழாய் இணைக்கின்றது. வளர்ந்தோரிடம் அது சரிவாக இறங்கும். குழந்தையிடமோ குட்டையாய், ஏறக்குறையக் கிடையாய் இருக்கும். ஆதலால் தடிமனோடு கிருமிகள் எளிதில் மேலேறிவிடுகின்றன. நோவும் காய்ச்சலும் தணிந்த பின்னரும் செவிப்பறையின் பின்னே நீர் தேங்கி நிற்பதுண்டு. நோவில்லை, சீழில்லை, வீட்டாருக்கு ஐயமுமில்லை. ஆயினும் 20 முதல் 30 டெசிபெல் வரை கேள்வி குன்றக்கூடும். உரத்துக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கும். நம்மை ஏமாற்றுவதும் அதுவே. தமிழிலோ யார், எங்கே, எப்பொழுது என்பவற்றைச் சொல்லின் இறுதியிலன்றோ வைத்திருக்கின்றோம்! பேசும்போது நாம் விழுங்குவதும் அவ்விறுதியைத்தான்.

இதற்காகப் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் மூன்று மாதத்துள் அந்நீர் தானே வற்றிவிடும். வற்றாதவிடத்துச் செவிப்பறையில் நுண்குழாய் பொருத்தும் முறையை, அமெரிக்க வைத்தியர் ஆம்ஸ்ட்ரோங் 1954இல் நடைமுறைக்குக் கொணர்ந்தார். எல்லாருக்கும் உடனே பொருத்திவிடலாமே எனின், பிற்ஸ்பேர்க் நகரில் பரடைஸ் என்பவரின் குழு 429 பிள்ளைகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவு வேறு. மற்றப்படி நலமாயிருந்த அப்பிள்ளைகளுள், உடன் குழாய் பெற்றோரும் பொறுத்திருந்தோரும் மூன்று வயதில் பேச்சிலே வேறுபடவில்லை. ஆயினும் பேச்சுப் பிந்தும் பிள்ளையையும், அடிக்கடி காது நோகும் பிள்ளையையும் செவிப்பரிசோதனைக்குக் கொண்டுசெல்லத் தாமதித்தல் தகாது. மீண்டும் மீண்டும் வரும் அழற்சி சிலரிடம் செவிப்பறையையே பழுதாக்கிவிடும். உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் பழக்கமோ கூடவே கூடாது. பறைக்குப் பின்னுள்ள நீரை அது அணுகாது. பறை துளைபட்டிருப்பின் உட்புகுந்து தீங்கே செய்யும்.

அவன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான். சென்ற ஆண்டு சந்தையில் என்னைக் கண்டு, “சேர், சுகமோ?” எனக் கேட்டான். நான் மறுமொழி கூறத் தொடங்கியதும், வலக்காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.