சிறு இன்ஜின்களுக்கு யார் கவலைப்படுவது?

பெட்ரோலில் எத்தனால் கலப்பது குறித்த விவாதம் நம் நாட்டில் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் சுற்றியே நடந்துவருகிறது. மைலேஜ் குறையுமா, பழைய வண்டிகள் தாங்குமா என்ற கேள்விகள் தேநீர்க் கடையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்றன. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்பனைக்கு வைக்க உத்தரவிட வேண்டும் என்ற பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்த ஆரவாரத்தில் ஒரு தரப்பு முற்றிலும் விடுபட்டுப்போனது. மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம், புல் வெட்டும் கருவி, விசைத்தெளிப்பான் ஆகியவற்றில் உள்ள சிறு இன்ஜின்களும், அவற்றைக் கையிலும் முதுகிலும் சுமந்து உழைக்கும் மனிதர்களுமே அந்தத் தரப்பு.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இக்கருவிகளுக்கென்றே, ஆயில் முன்கூட்டியே கலக்கப்பட்ட பெட்ரோல் டப்பாக்களில் அடைத்து விற்கப்படுகிறது. அமெரிக்கக் கடைகளில் 946 மி.லி. கொண்ட ஒரு டப்பாவின் விலை ஏறத்தாழ 6 முதல் 9 டாலர். பெட்ரோல் நிலையத்தில் கிட்டத்தட்ட 4 லிட்டருக்குக் கொடுக்கும் தொகையைவிட இது அதிகம். முதல் பார்வையில் வசதி படைத்தோரின் ஆடம்பரமாகத் தோன்றும் இந்த டப்பாவை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அது எந்தக் குறையை ஈடுகட்ட வந்தது என்பதை விளங்கிக்கொண்டால், நாம் எதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்பதும் விளங்கும்.

ஆயில் ஏன் கலக்க வேண்டும்?: டி.வி.எஸ். 50 மொபெட்டையும் பழைய பஜாஜ் ஸ்கூட்டரையும் ஓட்டிய தலைமுறைக்கு டூ-ஸ்ட்ரோக் இன்ஜினை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பெட்ரோல் போடும்போதே ‘2டி ஆயில்’ சேர்க்கச் சொல்வது அன்றைய வழக்கம். கார் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி உண்டு. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் அது இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் அனைத்துக்கும் மசகு. சாலையிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்ட இந்த இன்ஜின், சங்கிலி ரம்பத்தில் நீடிப்பதற்குக் காரணம் உண்டு. மரத்தின் மேல் கயிற்றில் தொங்கியபடி ரம்பத்தைப் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் பிடித்து அறுக்க நேரிடும். அடியில் ஆயில் தேங்கும் இன்ஜின் அதற்கு ஒத்துவராது. எடைக்கு ஏற்ற வலுவும் டூ-ஸ்ட்ரோக்கில் அதிகம்.

இன்றைய கருவிகள் பெரும்பாலும் 50:1 என்ற விகிதத்தைக் கேட்கின்றன. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில். சில பழைய கருவிகளுக்கு 25:1, அதாவது 40 மி.லி. ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். கூடினால் புகையும் கரியும் சேரும். கண்ணளவில் ஊற்றும் பழக்கத்தால் பட்டறைக்கு வரும் கருவிகள் ஏராளம். ஆலையிலேயே சரியான அளவில் கலந்து வரும் டப்பாவின் முதல் பயன் இந்தப் பிழையை ஒழிப்பது.

எத்தனால் செய்யும் வேலை: எத்தனாலுக்கு நீரின் மீது நாட்டம் அதிகம், காற்றின் ஈரத்தையும் அது ஈர்த்துக்கொள்ளும். 10% எத்தனால் கலந்த ஒரு லிட்டர் பெட்ரோலில், சாதாரண வெப்பநிலையில், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி நீர் சேர்ந்துவிட்டாலே கலவை இரண்டாகப் பிரியத் தொடங்கும். எத்தனாலும் நீரும் சேர்ந்த அடுக்கு கனமானதால் அடியில் தங்கும். பெட்ரோலும் அதில் கரைந்துள்ள ஆயிலின் பெரும்பகுதியும் மேலே நிற்கும். ரம்பத்தின் எரிபொருள் குழாயோ தொட்டியின் அடியிலிருந்து உறிஞ்சுகிறது. ஆகவே, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் இன்ஜினுக்குள் ஆயில் இல்லாத திரவம் செல்கிறது. 20% கலப்பு சற்றுக் கூடுதலான நீரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால், அது பிரியும்போது அடியில் தங்கும் அடுக்கும் பெரிதாக இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். நவீன கார்களில் உள்ள உணரி இதைக் கண்டறிந்து எரிபொருள் அளவைச் சரிசெய்துகொள்ளும். பெரும்பாலான சிறு இன்ஜின்களில் எளிய கார்புரேட்டர் மட்டுமே உண்டு. அதில் கலவை நீர்த்துப்போய், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கார்புரேட்டரின் ரப்பர் சவ்வும் எரிபொருள் குழாயும் எத்தனாலுக்கு ஏற்ற பொருளால் ஆனவையாக இல்லாவிட்டால் விறைத்தோ ஊறியோ கெடுகின்றன.

இதை அமெரிக்க அரசு அதிகாரபூர்வமாகவே ஏற்றுக்கொண்டது. 15% எத்தனால் கலந்த பெட்ரோலை 2001ஆம் ஆண்டு மாடல் முதலான கார்களுக்கு அனுமதித்த அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சிறு இன்ஜின்கள், படகுகள், மோட்டார் சைக்கிள்களில் அதைப் பயன்படுத்தத் தடைவிதித்தது. அந்த எச்சரிக்கையைப் பம்பிலேயே ஒட்டவும் உத்தரவிட்டது. எத்தனால் கலக்காத டப்பா எரிபொருளுக்கு அங்கு சந்தை விரிந்ததன் பின்னணி இதுதான். இந்தியாவில் 2014இல் சுமார் 1.5% ஆக இருந்த கலப்பு, 2025இல் 20%ஐ எட்டிவிட்டது. கரும்பு விவசாயிகளுக்கு வருமானம், கச்சா எண்ணெய் இறக்குமதிக் குறைப்பு ஆகிய நோக்கங்களை நான் மறுக்கவில்லை. எந்தக் கருவிக்கு எது பொருந்தும் என்ற அறிவிப்புகூட நம் பம்புகளில் இல்லாததையே குறையாகச் சொல்கிறேன்.

புயல் நாளில் ஒரு ரம்பம்: 2016இல் வார்தா புயல் சென்னையிலும், 2018இல் கஜா புயல் காவிரிப் படுகையிலும் சாய்த்த மரங்களை நாம் மறந்திருக்க முடியாது. அந்நாட்களில் ஆம்புலன்ஸ் செல்ல வழி திறந்தவையும், மின்கம்பங்களை நிமிர்த்த இடம் ஏற்படுத்தியவையும் சங்கிலி ரம்பங்களே. ஆண்டு முழுவதும் மூலையில் கிடக்கும் ஒரு கருவி, ஒரே நாளில் உயிர்காக்கும் கருவியாக மாறுகிறது. தொட்டியில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோயிருக்கும். மீதி ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் அந்த ரம்பம் இயங்காது. டப்பா எரிபொருளோ, திறக்காமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. திறந்த பிறகும் இரண்டு ஆண்டுவரை பயன்படுத்தலாம் எனச் சில தயாரிப்பாளர்கள் உறுதியளிக்கின்றனர். எப்போதாவது ஒருமுறை ரம்பத்தை எடுப்பவருக்கு, அதன் கூடுதல் விலை ஒரு கார்புரேட்டரின் விலையைவிடக் குறைவு.

சுவாசிப்பவர் யார்?: இதுவரை சொன்னவை கருவியின் நலன். இதைவிட முக்கியமானது அதைப் பிடித்திருப்பவரின் நலன். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் புதிய கலவை உள்ளே வரும்போதே எரிந்த புகை வெளியேறுகிறது. இரண்டு வாயில்களும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், எளிய வகை இன்ஜின்களில் பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலேயே வெளியேறிவிடும். காரின் புகைக்குழாய் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிறது. ரம்பத்தின் புகைவாய், அறுப்பவரின் முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கிறது.

அந்தப் புகையில் இருப்பவற்றுள் பென்சீன் முதன்மையானது. ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் இதை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதிசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. நம் பாரத் ஸ்டேஜ் 6 தரப் பெட்ரோலிலும் 1% வரை பென்சீனும், 35% வரை அதைச் சார்ந்த அரோமேட்டிக் சேர்மங்களும் அனுமதிக்கப்படுகின்றன.

சுவீடன் இந்தப் பிரச்சினையைத் தொழிலாளர் நலப் பிரச்சினையாகவே எதிர்கொண்டது. அந்நாட்டுக் காடுகளில் ரம்பம் பிடித்தவர்கள் தலைவலி, குமட்டல், தொண்டை எரிச்சல் குறித்து முறையிட்டுவந்தனர். 1980களின் இறுதியில் ‘ஆஸ்பென்’ என்ற நிறுவனம் ஆல்கைலேட் பெட்ரோலை அங்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுத்திகரிப்பு ஆலையில் கிடைக்கும் இலகுவான வாயுக்களை இணைத்து உருவாக்கப்படும் இந்தப் பெட்ரோலில் பென்சீன், அரோமேட்டிக் சேர்மங்கள், கந்தகம் ஆகியவை ஏறக்குறைய இல்லை. கோதன்பர்க் நகரின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் புகையைப் பகுப்பாய்வு செய்தனர். சுவீடன் அரசு இதற்கெனத் தனித் தரநிலையை வகுத்து, வரியையும் குறைத்தது. இன்று ஐரோப்பாவில் விற்கப்படும் டப்பா எரிபொருள்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

நம்மிடமே ஒரு முன்னுதாரணம்: இவையெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கத் தேவையில்லை. டெல்லியில் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் கக்கிய நீலப் புகைக்கு, மலிவான ஆயிலை அளவின்றி ஊற்றியதும் ஒரு காரணம். எம்.சி.மேத்தா வழக்கில் 1998 ஜூலை 28 அன்று உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், அந்த ஆண்டு இறுதிக்குள் டெல்லியின் பெட்ரோல் நிலையங்களில் உதிரியாக 2டி ஆயில் விற்பதை நிறுத்தவும், அளவோடு ஆயில் கலந்த பெட்ரோலை இயந்திரம் மூலம் வழங்கவும் காலக்கெடு விதித்தது. ஆயிலைக் கலக்கும் பொறுப்பு தனி மனிதரின் கையிலிருந்து விநியோகிப்பவரின் கைக்கு மாறியது. டப்பா எரிபொருளின் அடிப்படைத் தத்துவமும் அதுவே. சாலைப் புகை நகரவாசிகள் எல்லோருக்கும் தெரிந்தது. நீதிமன்றம் வரை சென்றது. தேயிலைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் எழும் புகை, அதைச் சுவாசிப்பவருக்கு மட்டுமே தெரிகிறது.

டப்பா எரிபொருள் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று நான் சொல்லவில்லை. அதன் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. மூடிய அறையில் இயக்கினால் அதுவும் கொல்லும். அது புதைபடிவ எரிபொருளே. காலி டப்பாக்களும் குப்பையாகச் சேரும். சாதாரணப் பெட்ரோலில் பல ஆண்டு ஊறிய பழைய ரப்பர் பாகங்கள், ஆல்கைலேட்டுக்கு மாறும்போது சுருங்கிக் கசியக்கூடும். மின்கலத்தில் இயங்கும் ரம்பங்கள் வளர்ந்துவருகின்றன. கலிபோர்னியா, 2024ஆம் ஆண்டு மாடல் முதல் பெரும்பாலான புதிய சிறு இன்ஜின்களுக்குப் புகையற்ற தரத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆனால், 45 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள ரம்பங்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. பெரிய மரங்களை அறுக்க இன்னும் சில காலம் பெட்ரோல் தேவைப்படும் என்பதே நடைமுறை.

செய்ய வேண்டியவை: நாள்தோறும் 3 லிட்டர் எரிக்கும் கூலித் தொழிலாளியால் பல மடங்கு விலை கொடுத்து டப்பா வாங்க இயலாது. அதிகம் சுவாசிப்பவரால்தான் அதை வாங்க முடியாது. ஆகவே, இதைச் சந்தையிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. ஜாம்நகர், பாராதீப் போன்ற இந்தியச் சுத்திகரிப்பு ஆலைகளிலேயே ஆல்கைலேட் அலகுகள் உள்ளன. சிறு இன்ஜின்களுக்கான எரிபொருளைச் சிறிய, பாதுகாப்பான கொள்கலன்களில், குறைந்த வரியுடன் மலைத்தோட்ட மாவட்டங்களிலும் கடலோர மாவட்டங்களிலுமாவது எண்ணெய் நிறுவனங்கள் விற்கலாம். தீயணைப்புத் துறை, மின்வாரியம், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இத்தகைய எரிபொருளை இருப்பு வைக்கலாம். கருவியை விற்பவர்கள், எவ்வளவு எத்தனாலை அது தாங்கும் என்பதைத் தமிழில் கருவியின் மீதே எழுதக் கட்டாயப்படுத்தலாம்.

அதுவரை பயன்படுத்துவோர் பின்பற்றக்கூடிய எளிய வழிகள் சில உண்டு. ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டுமே பெட்ரோல் வாங்க வேண்டும். ஆயிலை அளவுக் குவளையில் அளந்தே கலக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தவிர்த்து, காற்றுப் புகாத, எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட கலனில் வைக்க வேண்டும். ஊற்றும் முன் கலனை நன்றாகக் குலுக்க வேண்டும். சில வாரங்களுக்குக் கருவியை எடுக்கப்போவதில்லை என்றால், தொட்டியைக் காலிசெய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும்.

எரிபொருள் கொள்கை என்பது நெடுஞ்சாலையோடு முடிந்துவிடுவதில்லை. அது தோட்டங்களுக்கும் தோப்புகளுக்கும் புயல் சாய்த்த தெருக்களுக்கும் செல்கிறது. அங்கே ரம்பத்தின் கயிற்றை இழுப்பவருக்குக் கருவி இயங்குவதும், அதன் புகை அவரைக் கொல்லாமல் இருப்பதும் உறுதியாக வேண்டும். கார் வைத்திருப்போரின் மைலேஜுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு சிறு பங்காவது அவருக்கும் கிடைக்கட்டும்.