பாக்கு மரத்தில் பெல்ட் ஏன் வழுக்குகிறது?

தென்னை ஏறுவதற்கு வாங்கிய சேஃப்டி பெல்ட்டை, கயிற்றின் நீளத்தைக்கூட மாற்றாமல் பாக்குத் தோப்புக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ட்டும் அதே, ஆளும் அதே, மரம்தானே வேறு என்று நினைப்பு. அந்த மரம்தான் சிக்கல். தென்னந்தண்டு சாதாரணமாக ஓரடி அகலம் இருக்கும். பாக்கு மரம் அதில் பாதிகூட வராது. உயரமோ ஐம்பது அடியைத் தாண்டும். காற்றடித்தால் உச்சி ஆடும்.

இடுப்பின் இரு பக்க வளையங்களிலிருந்து புறப்பட்டு மரத்தைச் சுற்றிவரும் கயிறு, உரசலால் மட்டுமே நம்மைத் தாங்குகிறது. அந்த உரசலைத் தீர்மானிப்பது கயிறு தண்டை எவ்வளவு தூரம் சுற்றி வளைத்திருக்கிறது என்பது. பருத்த தண்டில் கயிறு ஏறக்குறைய அரைவட்டம் தழுவி நிற்கும். ஒல்லித் தண்டிலோ இடுப்பு அகலம், மரம் குறுகல். கயிற்றின் இரு கால்களும் விரிந்து போய்விடுவதால் தழுவல் குறைகிறது, பிடியும் குறைகிறது. போதாததற்கு, தென்னைக்கு அளந்த நீளத்தில் மிஞ்சும் கயிறெல்லாம் தளர்ச்சியாகிவிடும். பாதங்களைப் பிணைக்கும் தளையிலிருந்து கால் நழுவினால், அந்தத் தளர்ச்சி தீரும்வரை விழுந்து, பிறகு கயிறும் ஆளுமாகத் தண்டோடு சறுக்கி இறங்க வேண்டியதுதான். மழை ஈரத்தில் பாசி படிந்த தண்டு என்றால் தடுக்க ஒன்றுமில்லை.

மாற்று எளிது. குலையருகே போய் இரண்டு கையையும் வேலைக்கு எடுக்கும் முன், கயிற்றைத் தண்டில் இன்னொரு முழுச்சுற்று சுற்றிவிட்டு மீதியை இழுத்துச் சுருக்க வேண்டும். ஒரு சுற்று கூடினாலே பிடி பலமடங்கு உயரும். ஏறும்போது ஒற்றைச் சுற்று, நின்று வேலை செய்யும்போது இரட்டைச் சுற்று என்று பழக்கிக்கொள்ளலாம். சுருக்கும் பிடிப்பான் வலது கைக்காரருக்கு வலது இடுப்புப் பக்கம், எட்டிப் பிடிக்காமல், தேடாமல் கைக்கு வருகிற இடத்தில் இருக்கட்டும். சுற்றை மாற்றுகிற அந்த நொடியில் ஆள் எதிலும் கட்டப்படாமல் இருப்பார். அதனால் இரண்டாவதாக ஒரு குட்டைக் கயிறு வேண்டும். ஒன்றை அவிழ்க்கும்போது மற்றது மரத்தில் இருக்கும்.

கொக்கியைக் கவனிக்கிறவர்கள் குறைவு. ஒல்லி மரத்தில் கயிறு குறுகுவதால் கொக்கி தண்டின்மேல் அமுங்கி, குறுக்காகச் சுமை வாங்கக்கூடும். நீளவாக்கில் அது தாங்கும் எடையில் குறுக்குவாக்கில் மூன்றில் ஒரு பங்குதான் தாங்கும். கொக்கி தண்டைத் தொடாமல் இடுப்பருகே இருக்க வேண்டும், வாய்த் திருகு மூடியிருக்க வேண்டும். உச்சியில் வழவழவென்று பச்சையாக இருக்கும் மட்டை உறையில் எதையும் கட்டக் கூடாது. மட்டை பழுத்தால் உறையோடு கழன்று விழுவது பாக்கின் இயல்பு. நரைத்து வளையம் விழுந்த தண்டுப் பகுதிதான் கட்டுமிடம். தண்டு உளுத்திருந்தால் எந்த பெல்ட்டாலும் பயனில்லை, அந்த மரத்தை விட்டுவிட வேண்டும்.

இடுப்புப் பட்டை மட்டும் உள்ள பெல்ட் போதாது. விழுந்தால் அது வயிற்றை நெரிக்கும், தலைகீழாகத் தொங்கவும் விடும். தொடைப் பட்டையும் தோள் பட்டையும் சேர்ந்த முழு ஹார்னஸ்தான் கேட்டு வாங்க வேண்டியது. ஐ.எஸ். 3521 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். தொடைப் பட்டைக்கும் தொடைக்கும் இடையே உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் அளவு சரி. தரையிலிருந்து இரண்டடி ஏறி, முழு எடையையும் கொடுத்துச் சாய்ந்து பார்த்துவிட்டு மேலே போவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்படியே ஹார்னஸில் அசையாமல் தொங்க நேர்ந்தால் அதுவும் ஆபத்து. தொடைப் பட்டை அழுத்தக் காலில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், உயிரும் போகலாம். ஆகவே தோப்பில் ஒற்றை ஆளாக ஏற வேண்டாம். கீழே விழுந்தவரை இருவர் தோளில் தூக்கி பைக்கின் நடுவில் உட்காரவைத்து ஓட்டுவதும் நம் ஊர் வழக்கம். முதுகெலும்பில் அடி என்றால் அந்தப் பயணமே காலை முடக்கிவிடும். பலகையில் கிடத்தி 108-க்காகக் காத்திருப்பதே நல்லது.

பாக்கு அறுப்பில் கைதேர்ந்தவர்கள் ஒரு மரத்தின் உச்சியிலிருந்து மரத்தை ஆட்டி அடுத்த மரத்துக்குத் தாவுவார்கள். பார்க்க வித்தைபோல இருக்கும். பெல்ட் போட்டால் அது நடக்காது, இறங்கித்தான் ஏற வேண்டும். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும்வரை, பெல்ட் போட்டவர் அன்று பாதிக் கூலிதான் பார்ப்பார். பெல்ட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு ‘போட மாட்டேங்கிறானே’ என்று அலுத்துக்கொள்ளும் தோட்டக்காரர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பெல்ட்டோடு சேர்த்து நாள் கூலி பேசுவதே நியாயம் என்பது என் கட்சி. தரையில் நின்றே அறுக்கும் நீளக் கம்பும் ஒரு வழி. ஆனால் அலுமினியமும் கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும், மின்கம்பி போகும் வரப்போரம் அதைத் தூக்கக் கூடாது.

விபத்து நடந்தபின் முதல் தவறு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. தோட்டக்காரரோ வியாபாரியோ சொன்னார் என்று ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என எழுத வைத்துவிடுவார்கள். பின்னால் எந்த மனுவும் அந்த ஒரு வரியில் அடிபடும். யார் தோப்பில், எந்த வேலையில் விழுந்தார் என்பதை உள்ளபடி சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் கையில் இருக்கட்டும்.

தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 எடுத்துக்கொண்டிருக்கிறது. ‘அவன் அன்றாடக் கூலி, நிரந்தரம் இல்லை’ என்ற சாக்கை 2000-ஆம் ஆண்டுத் திருத்தமே பழைய சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. பனை இன மரங்களில் பதநீர், கள் இறக்குவதும் மரம் வெட்டுவதும் அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பெயர் சொல்லியே இருந்தன. காய் பறிப்பது அப்படி இல்லாததால் வழக்கறிஞர் வாதாட வேண்டியிருக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் ஏழைத் தொழிலாளிக்குக் கட்டணமில்லாமல் வழக்கறிஞர் கிடைப்பார். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

வழக்கு நீளும், அடுப்பு எரிய வேண்டும். தமிழ்நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் பனைமரத் தொழிலாளர்களுக்கும் நலவாரியங்கள் உண்டு, பதிவு தொழிலாளர் துறை அலுவலகத்தில். விபத்துக்கு முன்பே பதிவு செய்திருந்தால்தான் உதவி. தென்னையும் ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ காப்பீடு இருக்கிறது, பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. பாக்கு மட்டுமே ஏறுகிறவருக்குக் கைக்கெட்டும் காப்பீடு, வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. 18 முதல் 70 வயதுவரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழுமையாக முடங்கினாலோ 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். அதன் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் காப்பீடு விட்டுப்போகும். தென்மேற்குப் பருவமழை வந்து தண்டுகள் வழுக்கத் தொடங்குவதும் அதே நாட்களில்தான்.