பெயர் ஒன்று, மரபு மூன்று



2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் புதுச்சேரியில் சிறு வகுப்புகளுக்குச் சில நாட்கள் விடுமுறை விடப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எச்3என்2 என்னும் இன்புளூயன்சாக் காய்ச்சல் பரவியதே அதற்குக் காரணம். அந்நாட்களில் எங்கள் தெருவிலுள்ள கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம், "ஐயா, நாய்க்கும் பன்றிக்கும் இதே எச்3என்2 உண்டென்று படித்தேன். அப்படியாயின் தெருநாய்களிடமிருந்துதான் நமக்கு இது வந்ததோ?" என்று வினவினார். வினா நியாயமானதே. அவற்றிடமிருந்து வரவில்லை என்பதே விடை. காரணத்தைச் சற்று விரித்துரைக்கிறேன்.

இவ்வைரசின் மேற்புறத்தில் இரு வகைப் புரதங்கள் முட்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, நம் சுவாசக் குழாயின் உயிரணுவைப் பற்றிக்கொண்டு உட்புக உதவுவது. மற்றொன்று, உள்ளே பெருகிய புது வைரஸ்கள் வெளியேறும்போது அந்தப் பிடிப்பை அறுத்துவிடுவது. இவ்விரண்டின் வகை எண்களும் சேர்ந்ததே எச்3என்2 என்னும் பெயர். இது சீருடை போன்றது. ஒரே சீருடை அணிந்த பிள்ளைகளெல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகளாகிவிடுவரோ? பிறப்பை அறிய வேண்டுமாயின் உள்ளிருக்கும் மரபுப் பொருளை ஆராய வேண்டும். அது எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. இரு வேறு வைரஸ்கள் ஒரே உயிரணுவில் புகுந்தால், அத்துண்டுகள் கலந்து புதியதொரு வைரஸ் பிறக்கக்கூடும்.

மனிதரின் எச்3என்2 1968இல் ஹாங்காங்கில் வெளிப்பட்டது. அதன் ஆறு துண்டுகள் 1957ஆம் ஆண்டின் ஆசியக் காய்ச்சல் வைரசிலிருந்தும், இரண்டு பறவை வைரசிலிருந்தும் வந்தவை. அந்த 1957ஆம் ஆண்டு வைரஸ் நமக்கு அந்நியமன்று. அவ்வாண்டு மே மாதம் கப்பல் வழியே சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, சில மாதங்களிலேயே நாடெங்கும் பரவியது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அமைந்திருந்த இன்புளூயன்சா மையம் அதனை ஆராய்ந்தது. 1958 பிப்ரவரி வரை பதிவான நோயாளிகளே 44 லட்சத்துக்கு மேற்பட்டவர். வீட்டிலேயே கஞ்சி குடித்துப் படுத்துக் கிடந்தவர் எத்தனை பேரோ!

பன்றியின் கதை வேறு. மனித வைரசும் பறவை வைரசும் பற்றிக்கொள்ள இடந்தருவது பன்றியின் சுவாசக் குழாய். 1998இல் வட அமெரிக்கப் பன்றிகளில் மனிதர், பறவை, பன்றி ஆகிய மூன்றின் துண்டுகளும் கலந்த எச்3என்2 தோன்றியது. அக்கலப்பின் வழிவந்த வைரஸ்களிலிருந்தே, 2009இல் உலகைச் சுற்றிவந்த எச்1என்1 தன் ஆறு துண்டுகளைப் பெற்றது.

நாயின் எச்3என்2 பறவையிலிருந்து நேரே வந்தது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கொரிய நாய்களிடம் காணப்பட்டு, 2015இல் அமெரிக்காவின் சிகாகோ நகர நாய்களிடையே பரவிற்று. நாய்க் காய்ச்சல் மனிதரைப் பற்றியதாக உறுதிசெய்யப்பட்ட செய்தி இதுவரை இல்லை. (நாய் கடித்தால் உடனே ஊசி போட்டுக்கொள்ள வேண்டுவது வேறு செய்தி; அதனை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இவ்வாராய்ச்சிக்கு நாய் செய்த பழைய உதவி ஒன்றுண்டு. பன்றியின் இன்புளூயன்சா வைரசை அமெரிக்கரான ரிச்சர்டு ஷோப் 1931இல் கண்டறிந்துவிட்டார், மனிதருடையதோ அகப்படவில்லை. லண்டனில் நாய்களின் டிஸ்டெம்பர் நோயை ஆராய்வதற்குக் கீரி போன்ற பெரட் என்னும் சிறு பிராணியைப் பயன்படுத்தி வந்தார்கள். 1933இல் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும், காய்ச்சல் கண்டவர் கொப்பளித்த நீரை அப்பிராணிகளின் மூக்கில் விட்டனர். அவை தும்மத் தொடங்கின. மனித வைரஸ் பிடிபட்டது.

இன்று அறிஞர் கவலையுடன் நோக்குவது வேறொன்று. தென்சீனத்தில் 2013 முதல் 2015 வரை நாய்களிடம் எடுத்த மாதிரிகளில், பன்றி வைரஸ்கள் நாய்க்குள் புகுந்து அதன் எச்3என்2வுடன் கலந்திருந்தமை 2018இல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. பன்றியைப் போல நாயும் ஒரு கலவைப் பாத்திரம் ஆகுமோ என்பதே அவர்கள் வினா. ஆனால் விலங்குகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நீதியன்று. பன்றி மனிதனுக்குக் கொடுத்த வைரஸ்களைவிட, மனிதன் பன்றிக்குக் கொடுத்தவையே மிகுதி. 2009ஆம் ஆண்டின் எச்1என்1 வைரசும் மனிதரிடமிருந்து பல நாடுகளின் பன்றிக் கொட்டில்களுக்கு மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்றிருக்கிறது.